ரெண்டு மொட்டையும் ஒரு சம்மதக் கடிதமும்

பிள்ளைகளே, உங்களில் யாருக்காவது அப்பா ஜடை பின்னிவிடுகிறாரா? பின்னிவிட்டால் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுக்கொள்ளுங்கள். அது லேசான வேலை இல்லை. நான் ரெண்டு வருஷம் பின்னினேன். பின்னினேன் என்று நான் சொல்கிறேன். என் மகளைக் கேட்டால், "பின்னல, கட்டினாரு" என்பாள்.

நான் பால் வண்டி ஓட்டுகிறவன். நாராயணவனத்தைச் சுற்றியிருக்கிற ஊர்களில் காலையிலும் சாயந்திரமும் பால் கேன்களை ஏற்றிப் புத்தூரில் கொண்டுபோய் இறக்குவேன். வண்டி குலுங்கும்போது கேன் உருளாமல் இருக்கக் கயிறு போட்டு இறுக்க வேண்டும். அதே கை, அதே முடிச்சு, அப்படியே என் மகளின் தலைக்கு வந்துவிட்டது. ஒருநாள் பள்ளிக்கூடத்து டீச்சர் அவளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவரு வேசாரம்மா ஈ ஜட? மீ நான்ன தூடனி கட்டேசினட்டு கட்டேசாரே!" என்றாராம். கன்றுக்குட்டியைக் கட்டிப்போடுகிற மாதிரி கட்டியிருக்கிறாரே உங்கப்பா என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு.

என் மனைவி நர்ஸ். மகள் ஒண்ணாம் வகுப்பு முடித்த கோடையில் மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். அதுவரை ஜடை அவள் வேலை. போன பிறகும் அவள் அதை விடவில்லை. காலையில் நான் பால் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்ததும் போனை ஒரு சொம்பில் சாய்த்து வைப்போம். அதில் அவள் முகம் தெரியும். மகள் போனைப் பார்த்து உட்காருவாள். நான் பின்னால் உட்காருவேன். மேஸ்திரி மஸ்கட்டில், கொத்தனார் நாராயணவனத்தில்.

"இடதுபக்கம் மேல தூக்கிக்கினு கீது பாரு. கீழ விடு."

"இதைக் கீழ விட்டா அது மேல போவுதே!"

"அது தலைய்யா, தராசு இல்ல."

மகள் நடுவில் புகுந்து, "அம்மா, நைனா சீப்பால என் காதை வாருது" என்பாள். அங்கே அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்போடு எங்கள் மூன்று பேருக்கும் பொழுது விடியும். அந்தக் காலை நேரம் எதனால் ஆனது என்று எனக்கு அப்போது தெரியாது. முடியால் ஆனது என்று பிறகுதான் தெரிந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இந்த வருஷமும் மனைவியால் ஊருக்கு வர முடியவில்லை. ஒரு வாரம்தான் லீவு கிடைத்தது. "நீங்க ரெண்டு பேரும் இங்க வாங்க. விசாவுக்கு நான் சொல்லி வெச்சிருக்கேன். பாப்பாவுக்குப் பாஸ்போர்ட் மட்டும் எடு" என்றாள். அந்த ஒரு வாரத்தை விட்டால் அடுத்த லீவு எப்போது என்று அவளுக்கே தெரியாது. ரெண்டு வருஷமாக அம்மாவைப் போனில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, அன்றைக்கே தன் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டாள். குளிர்காலத்து ஸ்வெட்டரும் அதில் இருந்தது. மஸ்கட்டில் குளிர் இருக்காது என்று நான் சொன்னதற்கு, "நீ போய்ப் பாத்தியா?" என்று கேட்டாள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு காரியத்துக்கு ஒரு பேப்பர் போதும் என்று யாராவது சொன்னால் மனசு ஆறாது. எங்கள் பக்கத்தில் அரை ஏக்கர் குத்தகைக்கு விட்டால்கூட ஸ்டாம்ப் பேப்பரில் எழுதுவோம். பிள்ளையைக் கடல் தாண்டிக் கொண்டுபோக வெறும் பாஸ்போர்ட் மட்டுமா? யாரையும் கேட்காமல் சித்தூருக்குப் பஸ் ஏறினேன். கோர்ட்டு எதிரில் டைப் அடிக்கிறவரிடம் போய், என் மகளை நான் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக எனக்குப் பூரண சம்மதம் என்று எழுதித் தரச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "நீ பிட்டனி நுவ்வே தீஸ்கெள்ளடானிக்கி நீக்கு நுவ்வே பர்மிஷன் இச்சுக்குண்டாவா?" உன் பிள்ளையை நீயே கூட்டிப்போக உனக்கு நீயே பர்மிஷன் கொடுத்துக்கொள்கிறாயா என்று கேட்கிறார்.

"ஆமாங்க. இருக்கட்டும்" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டுச் சுத்தத் தெலுங்கில் அடித்துக் கொடுத்தார். நான் தமிழில் பத்தாவது வரைக்கும் படித்தவன். தெலுங்கு வாயில் ஓடும், கண்ணில் நொண்டும். எழுத்துக் கூட்டி முதல் வரியைப் படித்துவிட்டு, மீதியும் நல்லதாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டேன். என் போட்டோவை ஒட்டி, வட்ட முத்திரை குத்தி வாங்கியபோது எனக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் அவர் கேட்காமலே காட்டினேன்.

திருப்பதியில் பாஸ்போர்ட் ஆபீசில் கவுண்டரில் இருந்த அம்மா அந்தப் பேப்பரைப் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். தெலுங்கில்தான் பேசினார். நான் தமிழில் சொல்கிறேன்.

"இதுல நீங்க சம்மதிச்சிருக்கீங்க. கூட்டிக்கிட்டுப் போறதும் நீங்கதான். அம்மா சம்மதம் எங்கே?"

"கூப்பிட்டதே அவதானுங்க!"

"கூப்பிட்டது சரி. கையெழுத்து?"

"போன் போட்டுத் தரட்டுமா? நீங்களே கேளுங்க."

"போன்ல எல்லாரும் அம்மாதான்" என்றார் அவர். பிறகு பொறுமையாக எடுத்துச் சொன்னார். பிள்ளை விஷயத்தில் அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் உரிமை உண்டு. ஒருத்தர் மட்டும் பிள்ளையை நாடு தாண்டிக் கொண்டுபோனால் இன்னொருத்தருக்குத் தெரியுமா, சம்மதமா என்று கேட்பார்கள். தெரியாமல் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அதனால் கேட்பது பிள்ளையின் நல்லதுக்குத்தான்.

நான் நன்றாகத் தலையாட்டினேன். ஆடினது தலை மட்டும்தான், உள்ளே ஒன்றும் இறங்கவில்லை என்பதற்குச் சாட்சி கொஞ்ச நேரத்தில் வரும்.

மனைவிக்குச் சொன்னேன். அவள் டியூட்டி மாற்றிக்கொண்டு அங்கே எம்பசிக்குப் போய் ரெண்டு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கினாள். ஒன்று பாஸ்போர்ட்டுக்கு. இன்னொன்று பயணத்துக்கு: என் மகளை அவள் அப்பா தனியாகக் கூட்டிவர எனக்குச் சம்மதம், சந்தேகம் இருந்தால் இந்த நம்பரில் என்னைக் கேளுங்கள் என்று இங்கிலீஷில் இருந்தது. திருப்பதிக்கு லீவில் வந்த ஒரு நர்ஸம்மா கையில் அதைக் கொடுத்தனுப்பினாள்.

பாஸ்போர்ட் ஆபீசில் கடிதத்தைக் கொடுத்தாகிவிட்டது. இனிமேல் பாஸ்போர்ட் வர வேண்டும். வரவில்லை. விசா தேதி நெருங்குகிறது, தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டித் தாண்டிப் போகிறார். மகள் தினமும் பையைத் திறந்து ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடுகிறாள். ஒருநாள் சாயந்திரம் வடமாலபேட்டை ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது எதிரில் திருப்பதி மலை தெரிந்தது. ஓட்டிக்கொண்டே ஒரு கையைத் தூக்கினேன். "சாமி, பாஸ்போர்ட் கைக்கு வந்துட்டா நானும் எம் பொண்ணும் உன் மலைக்கு வந்து மொட்டை போட்டுக்கறோம்."

பிள்ளைகளே, இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. வேண்டிக்கொள்வது சரி. என் தலை என்னுடையது, அதைக் கொடுக்கலாம். வண்டியில் இல்லாத, வீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிற ஒருத்தியின் தலையையும் சேர்த்துக் கொடுக்க என்னை யார் கேட்டார்கள்? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த வேண்டுதலில் பாதி பக்தி. மீதிப் பாதி, கொஞ்ச மாதத்துக்கு ஜடை பின்ன வேண்டாமே என்கிற நப்பாசை. சாமிக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்?

பாஸ்போர்ட் வந்துவிட்டது. விமானத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது மகளை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மொட்டை விஷயத்தை வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வழியில் அவள் குரங்கு பார்த்துக்கொண்டிருந்தாள். கியூவில் சொல்லலாம் என்று நினைத்தேன். கியூ வேகமாக நகர்ந்துவிட்டது. கடைசியில் கல்யாணகட்டாவில், மொட்டை அடிக்கிற அந்த ஹாலில், கையில் பிளேடும் டோக்கனுமாக நிற்கும்போதுதான் சொன்னேன்.

"பாப்பா, நாம ரெண்டு பேரும் மொட்டை போட்டுக்கப் போறோம்."

"நீ போட்டுக்கோ."

"ரெண்டு பேருக்கும்தான் வேண்டிக்கினேன்."

"நைனா, நான் வேண்டிக்கவே இல்லையே. நீதான வேண்டிக்கின?"

பிள்ளைகள் மடக்கிவிட்டால் பெரியவர்கள் என்ன செய்வோமோ அதையே செய்தேன். "சாமி கோச்சிக்கும்" என்றேன். அவள் போய் உட்கார்ந்தாள். மொட்டை அடிக்கிற அம்மா தண்ணீரைத் தெளித்து, அந்த முடியை ஒரு தடவை கையில் ஏந்திப் பார்த்துவிட்டு பிளேடை வைத்தார். அழுகை இல்லை. அழுதிருந்தால்கூட நான் ஒரு ஐஸ் வாங்கிக் கொடுத்துச் சமாளித்திருப்பேன். என் தலை, என் மீசை எல்லாம் போய், ரெண்டு பேருக்கும் சந்தனம் பூசிக்கொண்டு வெளியே வந்தோம். மீசை போன முகத்தைக் கடைக் கண்ணாடியில் பார்த்து நானே ஒரு நொடி வழிவிட்டு ஒதுங்கினேன்.

அன்றையிலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பசித்தால் பையைப் பார்த்து, "பையே, எனக்குப் பசிக்குது" என்பாள். நான் இட்லி வாங்கி வைத்தால், "பையே, சட்னி காரம்" என்பாள். நான் பையிடம் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன். பை ஒன்றும் சொல்லவில்லை.

மனைவி காலையில் கூப்பிட்டபோது வீடியோவை அணைத்துவிட்டு, "நெட்டு சரியில்ல" என்றேன்.

"பாப்பாவுக்கு ஜடை?"

"நானே பின்னிட்டேன். இப்பல்லாம் நல்லா வருது."

"பாரேன்! பழகிட்ட. ஆனா கெளம்பற அன்னிக்கு லூசா விடு. ஏர்போர்ட்டுல நான் பின்னி விடறேன். ரிப்பன் வாங்கி வெச்சிருக்கேன்."

"ம்" என்றேன். மொட்டைத் தலை வியர்க்கும்போது அதைத் தடுக்க ஒன்றும் இல்லை, தெரியுமா? நேராகக் கண்ணுக்கே வருகிறது.

நேரில் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளையைப் பார்த்த சந்தோஷத்தில் மறந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் மொட்டைத் தலை என்பது குடை மாதிரி, செருப்பு மாதிரி. யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பஸ்ஸில் பத்து பேர் ஏறினால் நாலு பேர் மொட்டை. அதனால் பாஸ்போர்ட்டில் இருக்கிற முகத்துக்கும் ஏர்போர்ட்டுக்குப் போகிற முகத்துக்கும் ஒரு சம்பந்தம் இருக்க வேண்டும் என்கிற யோசனையே எனக்கு வரவில்லை. திருப்பதிக்காரனுக்கு மட்டுமே வரக்கூடிய மறதி இது.

சென்னை ஏர்போர்ட்டுக்கு மத்தியான விமானம். பெட்டி போடுகிற இடத்தில் அம்மாவின் கடிதம் கேட்டார்கள், காட்டினேன், விட்டார்கள். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அடுத்தது இமிகிரேஷன், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற இடம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. மகளின் பாஸ்போர்ட்டைத் திறந்தார். அதில் ரெண்டு ஜடை, ஒன்று மேலே, ஒன்று கீழே. எட்டிப் பார்த்தார். சந்தன வாசனையோடு ஒரு சின்ன மொட்டை. என் பாஸ்போர்ட்டைத் திறந்தார். அடர்ந்த முடி, முறுக்கின மீசை. நிமிர்ந்தார். பெரிய மொட்டை.

"அம்மா வரலையா?"

"அங்க இருக்காங்க மேடம். கடிதம் இருக்குது." அம்மாவின் கடிதத்தை நீட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பேப்பரில் ஆறாத மனசு அல்லவா? சித்தூர் பேப்பரையும் சேர்த்து நீட்டினேன்.

"இது என்ன?"

"இதுவும் சம்மதம் மேடம். தெலுங்குல."

"யாரோட சம்மதம்?"

"என்னோடது."

அவர் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்சச் சிரிப்பும் போய்விட்டது. குனிந்து என் மகளைப் பார்த்தார். "பாப்பா, இவர் யாரு?"

என் மகள் என்னை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"தெரியாது."

"பாப்பா! நான் உன் நைனாம்மா! சொல்லு!" என்று நான் பதறப் பதற, பிள்ளை பிடிக்கிறவன் எப்படிப் பதறுவானோ அப்படியே இருந்திருக்கும் அது. எங்களை வரிசையிலிருந்து வெளியே எடுத்து ஓரமாக ஒரு மேஜைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் விமானத்துக்குப் போகிறார்கள். அங்கே மஸ்கட்டில் ரிப்பனோடு ஒருத்தி கிளம்பிக்கொண்டிருப்பாள். இந்த விமானம் போனால் அந்த ஒரு வாரம் போச்சு. எல்லாம் என் தலையால்.

அந்த அதிகாரியும் அங்கேயே வந்தார். கடிதத்தில் இருந்த நம்பரைப் பார்த்தார். "அம்மாகிட்ட பேசணும். உங்க போன்லயே வீடியோ கால் போடுங்க."

"வாய்ஸ் கால் போதுமே மேடம்?"

"ஏன், வீடியோ வேண்டாமா?"

"நெட்டு…"

"இங்க நெட்டு நல்லா இருக்கு" என்றார். அவர் பார்த்த பார்வையில், இன்னொரு தடவை வேண்டாம் என்று சொன்னால் நேராக ஸ்டேஷன்தான் என்று புரிந்தது. போட்டேன். போன் அவர் கையில். மணி அடிக்கிறது. எடுத்துவிட்டாள். நான் மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து குரலை மட்டும் கேட்டேன்.

"வணக்கம், நான் இமிகிரேஷன்ல இருந்து பேசறேன். நீங்கதான் இந்தப் பாப்பாவோட அம்மாவா? இது உங்க பொண்ணானு பாத்துச் சொல்லுங்க." போனை என் மகள் பக்கம் திருப்பினார்.

போனிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"கண்ணு… முடி எங்கடா?"

என் மகள் ரெண்டு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேதான் உடைந்தது. "நைனா வேண்டிக்கினாரு, எனக்கு அடிச்சுட்டாரு! நான் வேண்டிக்கவே இல்லம்மா!"

"யோவ்! எங்கய்யா கீற? போன் முன்னாடி வா!"

வந்தேன்.

"மீசையும் போச்சா! நெட்டு சரியில்லன்னு சொன்னியே, இதுதானா உன் நெட்டு? நல்லா பின்ன வருதுன்னு சொன்னியே, எதைய்யா பின்ன? தேங்காயையா?"

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு போலீஸ்காரர் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டே, "மேடம், கடிதத்துல கொஞ்சம் சந்தேகம் இருந்தது. நீங்க பேசினதுல இல்ல" என்றார். எனக்கு மூச்சு வந்தது. கை தானாகப் பாஸ்போர்ட்டை எடுக்கப் போனது.

"இருங்க" என்றார். "அம்மா சம்மதம் சரி. நான் பாப்பாவைக் கேக்கணும்." அவர் என் மகளின் உயரத்துக்குக் குனிந்தார். "நீ சொல்லும்மா. இவர்கூடப் போக உனக்கு இஷ்டமா?"

மகள் மூக்கை உறிஞ்சினாள். "அது எப்படிச் சொல்றது? இவரு என்னைக் கேக்கவே இல்லையே."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "கேளுங்க சார்."

வீட்டில் மனைவி, வேலையில் பால் கணக்கர், ரோட்டில் டிராபிக் போலீஸ் என்று எத்தனையோ பேரிடம் நான் கெஞ்சியிருக்கிறேன். எட்டு வயசுப் பிள்ளையிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதே இல்லை. தரையில் குந்தி உட்கார்ந்தேன்.

"பாப்பா, அம்மாவைப் பாக்க என்கூட வர்றியா?"

அவள் யோசித்தாள். வேண்டுமென்றேதான் யோசித்தாள், எனக்குத் தெரியும். விமானத்துக்குக் கடைசி அழைப்பு கேட்கிறது, இவள் யோசிக்கிறாள்.

"ஜன்னல் சீட்டு?"

"உனக்குத்தான்."

"இனிமே என்னைக் கேக்காம எனக்கு வேண்டிக்கக் கூடாது."

"கூடாது."

"வர்றேன்" என்றாள். ரெண்டு நாளில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தைகள். அதிகாரி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, சித்தூர் பேப்பரை மட்டும் தனியாக எடுத்து என் கையில் வைத்தார். "இதை யார்கிட்டயும் காட்டாதீங்க" என்றார். ஓடினோம். விமானத்தில் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நான் ஏசிக் காற்றில் மண்டை விறைத்து உட்கார்ந்தேன். அப்போது அவள் பையைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மஸ்கட்டில் இறங்கி வெளியே வந்தால் கம்பிக்கு அந்தப் பக்கம் மனைவி நிற்கிறாள். மகள் பறந்துபோய் ஒட்டிக்கொண்டாள். மனைவி அவளைத் தூக்கி, அந்த மொட்டைத் தலையில் கன்னத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தோளில் தொங்கின கைப்பை திறந்திருந்தது. உள்ளே சீப்பு, சின்ன எண்ணெய் பாட்டில், சிவப்பு ரிப்பன் ரெண்டு. அந்த ரிப்பனைப் பார்க்கிற வரைக்கும், நான் மழித்தது பிள்ளையின் தலையை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு அவள் தன் பிள்ளைக்குச் செய்ய முடிந்த ஒரே வேலை அந்த ஜடைதான். அதையும் நான் மலையில் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

டாக்ஸியில்தான் என்னிடம் பேசினாள். கத்தவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

"அதுக்குத்தான்யா கேக்கறது."

எம்பசி, பாஸ்போர்ட் ஆபீஸ், கோர்ட்டு, எல்லாரும் முத்திரை போட்டு எனக்குப் புரிய வைக்கப் பார்த்தது இந்த ஒரு வரியைத்தான். சித்தூர் டைப்காரர் அன்றைக்கே கேட்டார், உனக்கு நீயே பர்மிஷனா என்று. நான் இருக்கட்டும் என்று சொன்னவன்.

அந்த ஒரு வாரம் நன்றாகவே போனது. மனைவி தினமும் காலையில் அந்த மொட்டைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். பின்ன ஒன்றும் இல்லாததால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மகள் ரிப்பன் ரெண்டையும் தன் பையின் காதில் பூப்போல் கட்டிக்கொண்டாள். கடற்கரைக்குப் போனோம், மீன் துன்னோம். நான் எதற்கெடுத்தாலும் கேட்டேன். "பாப்பா, ஜூஸ் குடிக்கறியா? பாப்பா, இந்தப் பக்கம் போலாமா?" ரெண்டாவது நாளே அவள், "நைனா, எல்லாத்துக்கும் கேக்காத, காது வலிக்குது" என்றாள்.

கடைசி நாள் வந்தது. பெட்டி கட்டி வைத்துவிட்டுப் பழக்க தோஷத்தில் கேட்டேன். "பாப்பா, ஊருக்குப் போலாமா?"

"வேணாம்" என்றாள்.

நானும் மனைவியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். கேட்டால் வேண்டாம் என்றும் பதில் வரும் என்பதை டாக்ஸியில்தான் கற்றுக்கொண்டிருந்தேன். இத்தனை சீக்கிரம் பரீட்சை வைப்பார்கள் என்று நினைக்கவில்லை. விசா முடிகிறது, பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, சொன்னோம். அவள் என்னை விட்டுவிட்டு அம்மாவை மட்டும் பார்த்தாள்.

"நீ இங்க வர்றதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியா?"

மனைவி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டுகிறபோது அவ்வளவு வார்த்தை வந்தது. இப்போது ஒன்றே ஒன்றுதான் வந்தது. "கேக்கல."

"அப்ப இப்பக் கேளு."

மனைவி அவள் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, நான் இன்னும் கொஞ்ச நாள் இங்க வேலை செய்யட்டுமா?"

ஏர்போர்ட்டில் யோசித்த மாதிரி இல்லை இது. உண்மையாகவே யோசித்தாள். கையைத் தூக்கித் தன் தலையைத் தடவிப் பார்த்தாள். அங்கே நெல் முளை மாதிரி கொஞ்சம் சொரசொரப்பு வந்திருந்தது.

"ஜடை பின்ற அளவுக்கு முடி வளர்ற வரைக்கும் இரு. அப்புறம் வந்துடணும். நைனாவுக்குப் பின்ன வராது."

"சரி" என்றாள் மனைவி. ஒரு கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை. நான் பார்த்த சம்மதங்களிலேயே கெட்டியானது அதுதான்.

இப்போது நாராயணவனத்தில் காலையில் மறுபடியும் சொம்பில் போன் சாய்ந்திருக்கிறது. "கைய அழுத்தாம தேய்யா, பால் கேன் இல்ல அது" என்று மேஸ்திரி அங்கிருந்து அதட்டுகிறாள். முடி காது வரைக்கும் வந்துவிட்டது. மகள் தினமும் இழுத்துப் பார்க்கிறாள். மனைவி அங்கே வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வர எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் எண்ணெய் மிச்சம் இருந்தால் என் தலையிலும் தேய்த்துக்கொள்கிறேன். மீசை வந்துவிட்டது. உச்சியில் மட்டும் இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. வா வா என்று தினமும் கேட்டுப் பார்க்கிறேன். வேண்டாம் என்று சொல்ல அதற்கும் உரிமை இருக்கிறது, என்ன செய்ய?